முழுக்கைச் சட்டை போட்ட அக்காமார்களுக்கு

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்பு, குறிஞ்சிப்பாடி சுற்றுவட்டாரத்திலிருந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் கரும்புக் கொல்லைக்கும் போகும் அக்காமார்களே, அத்தைமார்களே!

நான் கடலூர் முதுநகரில் தையல் மிஷின் போட்டிருப்பவள். பகலில் தைப்பேன், ராத்திரியில் படிப்பேன், எப்போதாவது எழுதுவேன். உங்களில் பலருக்கு இதை மகளோ மருமகளோதான் படித்துக்காட்ட வேண்டியிருக்கும். படிக்கிற பொண்ணே, நிதானமாகப் படிம்மா. நடுவில் கொஞ்சம் சீமைக் கதை வரும், கொஞ்சம் மலேயாக் கதை வரும். இரண்டும் சுற்றிவந்து உங்கள் அம்மா போட்டிருக்கிற சட்டையில்தான் நிற்கும்.

அந்தச் சட்டையைப் பற்றித்தான் கடிதமே. புரட்டாசி, ஐப்பசியில் சேத்தியாத்தோப்பு ரோட்டில் விடிகாலையில் நின்றால், குட்டியானை வண்டி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பின்னால் பதினைந்து இருபது பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்கு. சட்டை ஒவ்வொன்றும் ஒரு ரகம். கட்டம் போட்டது வீட்டுக்காரருடையது. கோடு போட்டது மகன் காலேஜுக்குப் போட்டுக் கழித்தது. எவனோ ஒருவன் ஓரகடத்துக் கம்பெனியை விட்டு வந்தபோது கொண்டுவந்த நீலச் சட்டையும் இருக்கும், பையில் கம்பெனிப் பெயரோடு. நிறம்தான் வேறு வேறு. அரை மைல் தூரத்திலிருந்தே நடவு ஆள் வருகிறது என்று சட்டையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். போலீசுக்கு அரசு கொடுத்தது, நர்சுக்கு ஆஸ்பத்திரி கொடுத்தது, கண்டக்டருக்குக் கார்ப்பரேஷன் கொடுத்தது. இந்த யூனிஃபாரத்தை மட்டும் யாரும் கொடுக்கவில்லை, நீங்களே கண்டுபிடித்துக்கொண்டீர்கள்.

எதற்காக என்று கேட்டால் வெயிலுக்கு என்பீர்கள். அது பாதிதான். நெல்லின் சுணை, கரும்புச் சோகையின் அறுப்பு, ரவிக்கை சீக்கிரம் கிழியாமல் இருக்க என்று இன்னும் நான்கைந்து காரணம் உண்டு. அதற்கும் மேலே ஒன்று, சத்தமாகச் சொல்லாதது: நாள் பூராவும் குனிந்தே நிற்கிற வேலையில், வரப்பில் நிற்கிறவன் கண் எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டால் அந்தக் கவலை விட்டது.

ஒரு நடவுக்கார அக்கா பொத்தான் வைத்துத் தரச் சொல்லி ஒரு சட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். தையல்காரிக்குத் துணி கிழிந்த இடத்தைப் பார்த்தால் ஆள் என்ன வேலை செய்தது என்று தெரியும். அந்தச் சட்டையின் இடது கை முழங்கைக்குக் கீழே கண்ணாடிபோல் தேய்ந்திருந்தது. நாற்று முடியை இடது கையில் பிடித்து, அந்தக் கையை இடது தொடைமேல் ஊன்றிக்கொண்டு வலது கையால் நடுகிறோம் அல்லவா, ஊன்றுகிற இடம்தான் அது. வலது கையின் பட்டி சேற்றுத் தண்ணீரில் ஊறி ஊறி இற்றுப்போயிருந்தது. தொட்டால் நூல் நூலாக வந்தது. நெஞ்சுக்கு நேரே இரண்டாவது பொத்தான் பிய்ந்து, அந்த இடத்தில் ஊக்கு குத்தி, ஊக்குத் துரு துணியில் இறங்கியிருந்தது. தட்டை நெஞ்சுக்கு வெட்டிய துணி, அது என்ன செய்யும்? என்னை நிறுத்தியது முதுகுப்பக்கம்தான். குனியும்போது சட்டை மேலே ஏறி இடுப்பு வெயிலில் காயும். அதற்காக அந்த அக்கா பழைய சேலையின் கரையை ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்து, கீழ்மடிப்போடு கையாலேயே ஒட்டுப்போட்டிருந்தார். கோணல்மாணலான தையல். ஆனால் எங்கே எவ்வளவு வேண்டும் என்பதில் ஒரு விரல்கூடத் தப்பில்லை. இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போகும் சட்டைக்கு அளவு கொடுத்தது அந்தச் சேலைக்கரைதான்.

இப்போது சீமைக் கதை.

1939 ஜூன் மாதம், ஹிட்லரோடு சண்டை மூள்வதற்கு மூன்று மாதம் முன்பு, பிரிட்டனில் ‘பெண்கள் நிலப்படை’ என்று ஒன்றை அரசாங்கம் ஏற்படுத்தியது. முதல் உலகப்போரில் 1917-இல் இதே பெயரில் ஒன்று இருந்து கலைக்கப்பட்டது. அதைத்தான் திரும்ப எழுப்பினார்கள். தின்பதில் பாதிக்கு மேல் கப்பலில் வந்து இறங்கிய நாடு அது. கடலுக்கு அடியிலிருந்து ஜெர்மன்காரன் கப்பலை மூழ்கடிக்கிறான், பண்ணை ஆண்பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள், அப்புறம் உழுவது யார்? கடையில் வேலை பார்த்தவள், முடிதிருத்தும் நிலையத்தில் இருந்தவள், லண்டன் ஆபீசில் டைப் அடித்தவள் எல்லாம் பேர் கொடுத்தார்கள். மூன்றில் ஒருத்திக்கு மேல் லண்டனிலிருந்தும் வடக்கே இருந்த ஆலை ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். மாட்டின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாதவர்கள் என்று பண்ணைக்காரர்கள் சிரித்தார்கள். 1943-இல் அந்தப் படையில் 80,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பால் கறந்தார்கள், டிராக்டர் ஓட்டினார்கள், கிழங்கு தோண்டினார்கள், எலி பிடித்தார்கள். காட்டில் மரம் வெட்டுவதற்கென்றே 1942-இல் தனிப்பிரிவு வந்தது.

அவர்களுக்குக் கொடுத்த உடுப்பைச் சொல்கிறேன், கேளுங்கள். பழுப்பு நிறத்தில் முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டும் தடித்த கால்சட்டை, வெளிர்மஞ்சள் சட்டை, கழுத்துக்கு டை, பச்சைக் கம்பளிப் பின்னல் மேலுடுப்பு, முழங்கால் வரை காலுறை, தோல் ஷூ, கம்பளித் தொப்பி, குளிருக்கு ஒரு பெரிய கோட்டு, அழுக்கு வேலைக்கு முழு உடம்பையும் மூடும் டங்கரீஸ், சேற்றுக்குக் கம்பூட் என்ற ரப்பர் பூட். டையைக் கட்டிக்கொண்டு எவள் சாணி அள்ளுவாள் என்று எனக்கும் தோன்றியது. அது ஊர்வலத்துக்கும் போட்டோவுக்கும். மற்றதெல்லாம் வேலைக்கு. ரேஷன் கூப்பன் இல்லாமல் ஒரு கஜம் துணி வாங்க முடியாத காலத்தில் இவ்வளவும் அரசாங்கத்திலிருந்து வந்தது.

பெண்பிள்ளை கால்சட்டை போடுவதா என்று அங்கேயும் ஊர்வாய் பேசியது. முதல் போரின்போது அந்தப் பெண்களுக்குக் கொடுத்த கையேட்டில், ஆண் வேலை செய்கிறாய், அதனால் ஆண்போல உடுத்தியிருக்கிறாய், அதற்காக அடக்கத்தை விட்டுவிடாதே என்கிற மாதிரி ஒரு புத்திமதியே அச்சடித்திருந்தார்கள். கால்சட்டையைக் கொடுக்கிற கையே குட்டும் வைத்திருக்கிறது. உங்களில் முதன்முதலில் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்த அத்தைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

கூலி? வாரத்துக்கு 28 ஷில்லிங்கில் தொடங்கியது. பண்ணையில் அதே வேலை செய்த ஆணுக்கு 38. அந்த 28-லும் சாப்பாட்டுக்கும் தங்க இடத்துக்கும் பாதி பிடித்துக்கொண்டார்கள். 38-க்கு 28 என்றால் முக்கால் பங்குக்கும் கீழே. உங்கள் ஊரில் ஆணுக்கு என்ன கொடுக்கிறார்கள், உங்களுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் சம ஊதியச் சட்டம் 1976-இல் வந்தது. வரப்புக்கு இன்னும் வரவில்லை.

கம்பூட் என்றேன் அல்லவா, அங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. கம்பூட்டுக்கு ரப்பர் வேண்டும். ரப்பர் மலேயாவிலிருந்து வந்தது. அந்தப் பால்மரத்தைச் சீவியது யார்? தென்னாற்காடு, வடஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போன நம் ஜனம்தான், ஆணும் பெண்ணுமாக. விடியுமுன்னே மரத்தைச் சீவி, வாளியில் பால் எடுத்து, லயத்தில் படுத்து எழுந்தவர்கள். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. மலேயா ரப்பர் நின்றது. சீமைப் பண்ணையில் கம்பூட்டுக்குப் பஞ்சம் வந்தது. மாட்டுத்தொழுவத்தில் ஈரத்தில் நிற்கிறவளுக்கு முதலில், மற்றவள் ஷூவிலேயே சமாளி என்று பங்குபோட்டுக் கொடுக்கவேண்டியதாயிற்று. அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும், தன் கால் நனையாமல் இருந்ததற்குப் புவனகிரிப் பக்கத்துப் பொம்பளை ஒருத்தியின் கைக்கத்தியும் ஒரு காரணம் என்று?

அதே மலேயாவில், பால்மரம் சீவிய அந்தப் பெண்களும் யூனிஃபாரம் போட்டார்கள். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் பெண்களுக்கென்று ஒரு படை அமைக்கப்போவதாக அறிவித்தார். ஜான்சி ராணிப் படை என்று பெயர். சென்னையில் மருத்துவம் படித்து சிங்கப்பூரில் தொழில் செய்துகொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். அக்டோபரில் பயிற்சி முகாம் தொடங்கியது. கோலாலம்பூர் ஜானகி தேவர், ராசம்மா நவரத்தினம் என்று படித்த, வசதியான வீட்டுப் பெண்கள் சிலரின் பெயர் நமக்குத் தெரியும். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, தொப்பி. பலர் கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டுகளில் தோட்டத்து ஆண்களை ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில்பாதைக்கு ஜப்பான்காரன் கொண்டுபோனான். போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. பெண்கள் அந்தப் படைக்குப் போனது வீரத்துக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. முகாமில் மூன்று வேளைச் சாப்பாடு இருந்தது, கங்காணி இல்லை, உடுப்பும் இருந்தது. இதைச் சொன்னால் தேசபக்தர்கள் கோபித்துக்கொள்வார்கள். பசித்தவள் பசிக்காகவும் போயிருப்பாள், நாட்டுக்காகவும் போயிருப்பாள். ஒன்று இன்னொன்றை அழிக்காது.

இங்கே நம் மாவட்டம் அப்போது தென்னாற்காடு, கலெக்டர் இருந்தது கடலூரில். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. சென்னை மாகாணம் அந்த அரிசியை நம்பியிருந்த மாகாணம். உடனே ‘அதிக உணவு உற்பத்தி’ என்று பிரசாரம் கிளம்பியது. பருத்திக்குப் பதில் நெல் போடு, தரிசை உழு என்றெல்லாம் சர்க்கார் சொன்னது. சொல்லலாம், நட்டது யார்? உங்கள் அப்பாயி, அம்மாயி. சீமைப் பெண் செய்த அதே போர்க்கால வேலையை, இடுப்பளவு இல்லாவிட்டாலும் முழங்காலளவு சேற்றில் நின்று செய்தார்கள். அவர்களுக்கு யாரும் கோட்டுத் தைக்கவில்லை. 1943-இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. முதுநகர்த் தறிகளுக்கு நூல் கிடைப்பதே திண்டாட்டம், கட்டியிருந்த சேலை கிழிந்தால் மறுசேலைக்கு வழியில்லை. ஒரே சாம்ராஜ்யம், ஒரே சண்டை. ஒரு ஊரில் வயலில் இறங்குகிறவளுக்குத் தலைமுதல் கால்வரை உடுப்பு, இன்னொரு ஊரில் உடுத்த துணியே கட்டுப்பாட்டில். வித்தியாசம் குளிரால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே அந்த வேலையை நாட்டு வேலை என்று எழுதி வைத்தார்கள். இங்கே அது பண்ணையாரோடு உங்களுக்குள்ள விவகாரம்.

கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில் பண்ணையார் விவகாரம் எப்படி நடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். சாட்டையடி, சாணிப்பால் புகட்டுவது. இரண்டையும் ஒழிக்க பி. சீனிவாசராவும் கம்யூனிஸ்ட் தோழர்களும் கீழத்தஞ்சையில் சங்கம் கட்டியது சரியாக இந்தப் போர்க்காலத்தில்தான். அவர்களோடு ஒரு அம்மா இருந்தார். மணலூர் மணியம்மாள். பிராமணக் குடும்பத்து இளம் விதவை, மிராசு குடும்பத்தைச் சேர்ந்தவர். விதவைக் கோலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, தலையைக் கிராப் வெட்டிக்கொண்டு, வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டார். சிலம்பம் கற்றார், சைக்கிள் ஓட்டினார், சேரிக்குள் போய்ச் சங்கம் அமைத்தார், கூலிக்காகப் போராட்டம் நடத்தினார். 1953-இல் ஒரு மான் முட்டி இறந்துபோனார். விபத்தா, யாராவது ஏவியதா என்று அந்தப் பக்கம் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். ராஜம் கிருஷ்ணன் அவரைப் பற்றி ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்று நாவல் எழுதியிருக்கிறார். நாவலில் வந்ததால் பெரிய விஷயம் என்று சொல்லவில்லை. நம் பக்கத்து வயல்வரப்பில் ஆண் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் நடந்தபோது, அது கூலி கேட்கும் சட்டையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் அவரை இழுத்தேன்.

சீமைக் கதையின் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டால் அரைக்கதை ஆகிவிடும். சண்டை முடியப்போகும் நேரத்தில், பட்டாளத்துக்குப் போனவர்களுக்கு இந்தச் சலுகை, ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சலுகை என்று பட்டியல் போட்டார்கள். நிலப்படைப் பெண்களை அதில் விட்டுவிட்டார்கள். அந்தப் படையைத் தொடக்கத்திலிருந்து நடத்தி, தன் வீட்டையே அதன் தலைமை அலுவலகமாகக் கொடுத்திருந்தவர் லேடி டென்மன் என்ற சீமாட்டி. 1945 பிப்ரவரியில் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனார். சத்தம் போட்ட பிறகு என்ன கிடைத்தது தெரியுமா? ஷூவை நீயே வைத்துக்கொள்ளலாம்; பெரிய கோட்டையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நீலச் சாயம் போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு வருஷம் மாடு கறந்தவளுக்குப் பென்ஷன் இல்லை, அவள் கோட்டின் நிறத்தைப் பற்றி மட்டும் அரசாங்கத்துக்கு அவ்வளவு அக்கறை. 1950-இல் படையைக் கலைத்தார்கள். உயிரோடு மிஞ்சியிருந்தவர்களுக்கு 2008-இல் ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எண்பது வயதுக்கு மேல்.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு. வேலையை நாட்டு வேலை என்று ஒப்புக்கொண்டால் உடுப்பு வரும். உடுப்பு வந்தாலும் மற்றது தானாக வராது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான்: கூலிக்கு வயலில் இறங்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வருஷத்துக்கு இரண்டு வேலைச் சட்டை அரசு கொடுக்க வேண்டும், குறுவைக்கு ஒன்று, சம்பாவுக்கு ஒன்று. முடியாத காரியம் இல்லை. ஊராட்சியில் குப்பை எடுக்கும் தூய்மைக் காவலர்கள் சேலைக்கு மேல் பச்சைக் கோட்டுப் போட்டிருப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்தான் தைக்கின்றன. குறிஞ்சிப்பாடியில் கைத்தறி இருக்கிறது; கைலி நெய்த கை, சட்டைத்துணியும் நெய்யும். நூலும் தறியும் மிஷினும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. உத்தரவு ஒன்றுதான் சென்னையிலிருந்து வரவேண்டும்.

ஆனால் அந்தப் பச்சைக் கோட்டு மாதிரி வேண்டாம். போட்டிருக்கும் அக்காமார்களைக் கேட்டுப் பாருங்கள், சித்திரை வெயிலில் அந்தப் பாலியெஸ்டர் உடம்பில் ஒட்டுகிற லட்சணத்தைச் சொல்வார்கள். அளவெடுக்காமல் தைத்தது, போடப்போகிறவளைக் கேட்காமல் நிறம் தேர்ந்தது. நமக்குப் பருத்திதான், அதுவும் நாலு முறை தோய்த்தால் மெத்தென்று ஆகிற ரகம். முதுகுப்பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு சாண் நீளம், அந்தச் சேலைக்கரை அக்கா கணக்குப்படி. இடது கை முழங்கைக்குக் கீழே இரட்டைத் துணி. வலது கைப் பட்டியில் பொத்தான் வேண்டாம். மடித்து மேலே மாட்ட ஒரு வார் போதும், நடவுக்கு மடிக்கலாம், கரும்புக்கு இறக்கலாம். அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்தால் கையை எவ்வளவு வீசினாலும் கிழியாது. பொத்தான் பிளாஸ்டிக்; இரும்புப் பிரஸ் பட்டன் ஒரு போகத்தில் துருப்பிடிக்கும். காலர் நிமிர்த்திப் போடுகிற மாதிரி உயரம், சோகை கழுத்தை அறுக்காமல் இருக்க.

நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பச்சை கூடாது. கரும்புக்குள்ளோ வளர்ந்த நெல்லுக்குள்ளோ குனிந்திருக்கிற ஆள், மிஷின் ஓட்டி வருகிறவன் கண்ணுக்குத் தெரியமாட்டாள். மஞ்சளும் கூடாது, வயலில் பூச்சி பிடிக்க மஞ்சள் அட்டையில் பசை தடவித் தொங்கவிடுகிறார்கள், அந்தப் பூச்சியெல்லாம் உங்கள்மேல் உட்காரும். செங்கல் நிறம் சேற்றுக்கறையையும் மறைக்கும், தூரத்திலும் தெரியும். வேறு எண்ணம் இருந்தால் சொல்லுங்கள், நான் விட்டுக்கொடுப்பேன்.

கம்பூட்டைப் பற்றிக் கேட்பீர்கள். நடவுச் சேற்றில் அது உதவாது, காலை வைத்தால் பூட் உள்ளே நின்றுவிடும், கால்தான் வெளியே வரும். சீமை நிலம் வேறு, நம் களி வேறு. ஆனால் கரும்புக் கொல்லைக்கும், கத்திரிக்கொல்லைக் களைக்கும், மல்லாட்டை பிடுங்குகிற இடத்துக்கும் அது வேண்டும். கண்ணாடி விரியன் பெரும்பாலும் காலில்தான் கடிக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் கால்வெடிப்பில் பட்டால் எலிக்காய்ச்சல். சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டு மறுநாளும் இறங்குகிறீர்கள். அதற்கு என்ன வழி என்பதை மருத்துவம் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும். சிதம்பரத்தில், கூப்பிடு தூரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் இருக்கிறது. நெற்கதிருக்கு ஸ்கேல் வைத்து அளவெடுக்கும் பிள்ளைகள், நடுகிறவளின் முதுகுக்கும் ஒரு டேப் பிடிக்கலாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு உட்காருகிறார்கள், அப்படியும் கொட்டைப்பால் பட்டு விரல் கறுத்து உரிகிறது. அவர்களுக்குச் சட்டையைவிடக் கையுறைதான் முதலில்.

‘சட்டையா இப்ப கேடு, கூலியை ஏத்தச் சொல்லு’ என்று இதற்குள் ஒரு அக்கா சொல்லியிருப்பார். சரிதான். அதனால்தான் சீமைக்காரிகளின் கோட்டுக் கதையை முழுசாகச் சொன்னேன். ஒரு சட்டையைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்து, கூலிப்பேச்சை அடுத்த வருஷத்துக்குத் தள்ள நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். தள்ள விடாதீர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு உங்களிடமே பதில் இருக்கிறது: 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதல் சுற்றில் வந்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. மண்வெட்டி பிடித்தவனுக்கும் கூடை சுமந்தவளுக்கும் ஒரே கணக்கு. அதனால் வானம் இடிந்து விழவில்லை.

இன்னொரு பயமும் உங்களுக்கு இருக்கிறது, தெரியும். நடவு மிஷின் வந்துவிட்டது. நேரடி விதைப்பு வந்துவிட்டது. டெல்டாவில் வங்காளத்து ஆண்கள் கூட்டமாக வந்து ஏக்கர் கணக்கில் நட்டுவிட்டுப் போகிறார்கள். இருக்கிற வேலையே குறைகிறபோது சட்டை கேட்டால் உள்ளதும் போய்விடுமோ என்ற எண்ணம் வரத்தான் செய்யும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. சட்டை, அட்டை, பதிவேட்டில் பெயர் என்று ஒன்றாவது இருந்தால்தான், மிஷின் ஓட்டப் பயிற்சி கொடுக்கும்போது உங்களைத் தேடி வருவார்கள். பெயரே இல்லாத ஆளுக்கு யார் சாவியைக் கொடுப்பார்கள்? உழவர் பாதுகாப்புத் திட்டத்து அட்டை யார் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று இந்த வாரம் குட்டியானையில் போகும்போதே ஒரு எண்ணிக்கை எடுத்துவிடுங்கள்.

மே முதல் தேதி கிராம சபை நடக்கும். உழைப்பாளர் தினத்தில் கூட்டுகிற சபையில் நடவு ஆள் வாய் திறக்காவிட்டால் வேறு எப்போது திறப்பது? தீர்மானப் புத்தகத்தில் உங்கள் எதிரிலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று வரி போதும். வயல்வேலைப் பெண்களுக்கு வருஷத்துக்கு இரண்டு பருத்திச் சட்டை. அளவும் நிறமும் அந்தந்த ஊர்ப் பெண்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். சட்டையின் விலையைக் கூலியிலோ வேறு எந்த உதவியிலோ கழிக்கக் கூடாது. எழுதி முடித்ததும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மூன்றாவது வரி இல்லாமல் போடாதீர்கள்.

மாதிரிச் சட்டை ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன். பை விஷயம் மட்டும் தீரவில்லை. நெஞ்சில் வைத்தால் குனியும்போது செல்போன் சேற்றில் விழும். இடுப்புப் பக்கம் வைத்தால் வரிந்து கட்டிய சேலைக்கொசுவம் இடிக்கும். உள்பக்கமாக, இடது விலாவில், மூடி வைத்துத் தைக்கலாம் என்று நினைக்கிறேன். வெற்றிலைப் பையும் போனும் சேர்ந்து போக எவ்வளவு ஆழம் வேண்டும், களைக்கொத்து பிடிக்கும்போது அந்த இடம் உறுத்துமா என்று போட்டுப் பார்த்த கைதான் சொல்ல வேண்டும். முதுநகர் பக்கம் வந்தால் கடைக்கு வந்து மாட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முதுநகர் தையல்காரி